ஆபரேஷனுக்கு கார்டு இருக்கிறது, மாத்திரைக்கு?

மருந்துக்கடை கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரில் யாருக்கு என்ன நோய் என்பது தெரியும். அதைவிட நன்றாக, இந்த வாரம் யார் கையில் காசு ஓடுகிறது என்பதும் தெரியும். சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு வருகிறவர் பதினைந்து நாள் மாத்திரை கேட்பார். அதே ஆள் வியாழக்கிழமை வந்தால், "ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க அண்ணாச்சி" என்பார். மருந்துச் சீட்டு மாறவில்லை, நோயும் மாறவில்லை.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கம். பெயர் வேண்டாம். எழுதினால் நாளைக்கே "என்னைத்தானே எழுதியிருக்கீங்க" என்று நாலு பேர் கடைக்கு வந்து நிற்பார்கள். விசைத்தறி ஊர். காலையில் தறிச் சத்தம் ஆரம்பித்தால் ராத்திரி வரை ஓயாது. அப்பா வைத்த கடை இது. டி.ஃபார்ம் முடித்துவிட்டு அவருக்கு ஒத்தாசையாக வந்து நின்றவன், அப்படியே நின்றுவிட்டேன்.

அக்கா மகள் பெங்களூரில் பொது சுகாதாரம் படிக்கிறாள். ஏதோ கட்டுரை எழுத வேண்டுமாம். "எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு குடுத்துட்டா எல்லாருக்கும் வைத்தியம் கிடைச்சிருமா மாமா? நீங்க கடையில பாக்கிறதை வச்சுச் சொல்லுங்க" என்று கேட்டாள். போனில் பேச ஆரம்பித்தது நீண்டுவிட்டது. அவளிடம் சொன்னதையும், போனை வைத்த பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவளிடம் சொன்னது இதுதான்: பெரிய வைத்தியம் கிடைக்கும், சின்ன வைத்தியம்தான் கிடைக்காது.

பெரிய வைத்தியம் கிடைக்கும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. நான் கடைக்கு வந்த புதிதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்பது ஜெலுசில். வாயு என்று தாங்களே முடிவு கட்டிவிட்டுத்தான் வருவார்கள். அவர்களைப் பிடித்து ஈ.சி.ஜி. எடுக்க வைத்து, டாக்டர் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகச் சொன்னால், போனவர்கள் இரண்டு வகை. வீட்டில் நகை இருந்தவர்கள், வட்டிக்கு வாங்கத் துணிந்தவர்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நாள் கழித்து அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கும். ஆஞ்சியோ எல்லாம் காரில் போகிறவர்களுக்கு என்பதுதான் ஊரின் நினைப்பு. வைத்தியத்துக்கு வாங்கிய கந்துவட்டியைக் கட்ட முடியாமல் தறியை விற்றவர்களையும் எனக்குத் தெரியும்.

2007ல் ஆந்திராவில் முதல்வர் ராஜசேகர ரெட்டி ஆரோக்யஸ்ரீ என்ற காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். 2009 ஜூலையில் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 1 லட்சம். ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவிட்டு, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று புதிதாகத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 1 லட்சம், சில சிகிச்சைகளுக்கு 1.5 லட்சம். 2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்து இதோடு சேர்ந்துகொண்டது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 2022ல் புதுப்பித்தபோது சுமார் 1.37 கோடி குடும்பங்கள் உள்ளே இருந்தன. அப்போது ஒரு குடும்பத்துக்கு அரசு கட்ட ஒப்புக்கொண்ட பிரீமியம் 849 ரூபாய். பெயர் எத்தனை மாறினாலும் எங்கள் ஊரில் இன்றும் 'கலைஞர் கார்டு' என்பவர் உண்டு, 'அம்மா கார்டு' என்பவரும் உண்டு. நான் இரண்டுக்கும் தலையாட்டிவிடுவேன். கடை நடத்த வேண்டுமே.

எங்கள் தெருமுனையில் ஒரு தறிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, பீடியை விட்டுப் பல வருஷம் ஆயிற்று. ஒருநாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, இடது கை மரத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். 108 வந்தது, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடைப்பு. ரத்தக் குழாய் மறுபடி அடைக்காமல் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய், ஸ்டென்ட், வைத்தார்கள். வீட்டம்மா ரேஷன் கார்டையும் காப்பீட்டு கார்டையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறார். திரும்பி வந்ததும் கேட்டேன், எவ்வளவு ஆச்சு என்று.

"காப்பி, சாப்பாடு, நான் போக வர பஸ்சு. அம்புட்டுத்தான் அண்ணாச்சி. ஸ்டென்ட்டு கார்டுல போயிருச்சு."

மருந்து பூசிய ஸ்டென்ட்டை 29,600 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று 2017 பிப்ரவரியில்தான் உச்சவிலை வைத்தார்கள். அதற்கு முன்னால் ஸ்டென்ட்டுக்கு மட்டும் லட்சத்தைத் தாண்டிப் போட்ட பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தவன் நான். அதனால் அந்த அம்மா சொன்னதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீடு என்றால் தனியாருக்குப் பணம் போகும் வழி என்று பேசுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தத் தறிக்காரர் இன்றைக்கும் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். அதை வைத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

இனி சின்ன வைத்தியத்துக்கு வருகிறேன்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு அவர் கடைக்கு வந்தார். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், இதயத் துடிப்பை மட்டுப்படுத்த மெட்டோப்ரோலால், அப்புறம் மெட்ஃபார்மின். கடைசியில் இருப்பது சுகர் மாத்திரை. அவருக்குச் சர்க்கரை இருப்பதே நெஞ்சடைப்பில் அங்கே போய்ப் படுத்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்கான கார்டு அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் பல வருஷமாக இருக்கிறது. ஆனால் ஒரு துளி ரத்தம் எடுத்து யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்த கார்டுக்கு வேலை. சில ஸ்கேன்களையும், சில ஆபரேஷன்களுக்குப் பிந்தைய தொடர் சிகிச்சையையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் தலை சுற்றுகிறது, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறது என்று டாக்டரைப் பார்க்கப் போகிறவனுக்கு அதில் ஒன்றுமில்லை.

மாத்திரை அட்டையை வெட்டுவதில் ஒரு முறை உண்டு. பல அட்டைகளில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் ஒரே ஓரத்தில்தான் அடித்திருக்கும். அந்த ஓரத்தைக் கடைசி வரை கடையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டித் தர வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது எப்போது காலாவதி ஆகும் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். வெட்டின முனை கூராக இருக்கும், சட்டைப்பையில் போட்டால் குத்தும். அதனால் சின்னக் காகிதக் கவரில் போட்டு, மேலே காலை, ராத்திரி என்று பேனாவால் எழுதிக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து தருவேன். அன்றைக்கு ஐந்து கவர் எடுத்து வைத்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். அவர் மேசையில் கைவைத்துக் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"இதுல எது முக்கியம் அண்ணாச்சி? அதை மட்டும் குடுங்க."

அவர் ஒருத்தர் கேட்பதல்ல இது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற பாதிப் பேர் கேட்பார்கள். ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரையை டாக்டர் சொல்லாமல் பாதியில் விட்டால், வைத்த குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி அடைத்துக்கொள்ளலாம். அப்படி ஆனால் மறுபடி 108, மறுபடி கார்டு, மறுபடி காப்பீட்டுக்காரர்களின் ஒப்புதல், அதாவது அப்ரூவல். அந்தச் செலவைக் காப்பீடு ஏற்கும். அது வராமல் தடுக்கிற மாத்திரைக்குக் கடையில் அவர்தான் காசு கொடுக்க வேண்டும். எனக்கு இதில்தான் கோபம்.

எல்லாமே முக்கியம்தான் என்று சொல்லி, ஐந்தையும் கட்டிக்கொடுத்து, கடன் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இந்த இடத்தில் அக்கா மகள் குறுக்கே வந்தாள். "கவர்மெண்டு ஆஸ்பத்திரியில மாத்திரை ஃப்ரீதானே மாமா?"

ஃப்ரீதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்று 1994ல் வந்தது. மாநிலத்துக்கு வேண்டிய மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, சோதித்து, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்பி, அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுசேர்க்கிற அமைப்பு. மற்ற மாநிலத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு அதனால் வியாபாரம் குறைவுதான். ஆனாலும் நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்லத்தானே வேண்டும்.

ஆனால் மாத்திரை இலவசம் என்பது கவுண்டருக்குப் போய் நின்றவனுக்கு. இதய நோய்க்கான மாத்திரை எல்லாம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. ஸ்டென்ட் வைத்த இடத்துக்கே மாதா மாதம் போய் வாங்கிக்கொள்ளலாம் என்றால், எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி போக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். விடியற்காலையில் கிளம்பி, ஓ.பி. சீட்டு எடுத்து, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மறுபடி மருந்து வரிசையில் நின்று, வீடு வரும்போது சாயங்காலம். தறி ஓடவில்லை என்றால் கூலி இல்லை. கூட மனைவி போனால் அவர் கூலியும் போச்சு. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். ஆனால் திருநெல்வேலிக்குப் போகிற பஸ் டவுன் பஸ் இல்லை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் என் கடையில் வந்து "எது முக்கியம்" என்று கேட்கிறார். கணக்குத் தெரியாமல் கேட்கவில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் வர ஆரம்பித்தபோது நான் பெரிதாக நம்பவில்லை. இப்போது எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வருகிறார். பக்கத்து ஊர் மருமகள்தான். தோளில் பை, உள்ளே பிரஷர் மெஷின், சர்க்கரை பார்க்கிற கருவி, ஒரு நோட்டு. திண்ணையில் உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றி அளவு பார்த்து, ஏற்கெனவே நோய் இருக்கிறவர்களுக்கு மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, மீதி எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று டப்பாவைத் திறந்து காட்டச் சொல்கிறார். எதிர்வீட்டு ஆச்சி டப்பாவைக் காட்டாமல் மழுப்புவார். அந்தப் பெண் விடமாட்டார். "மாத்திரை மிச்சம் இருந்தா நீங்க சாப்பிடலைன்னு அர்த்தம் ஆச்சி." எந்த டாக்டரும் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் கடையில் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் முன்போல் ஓடவில்லை என்பது ஆர்டர் போடும்போது தெரிகிறது.

இது காப்பீடே இல்லை. கார்டு இல்லை, இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று கட்டுகிற பேக்கேஜ் இல்லை, வருமானச் சான்று இல்லை. அந்தத் தறிக்காரர் வீட்டுக்கு இந்தப் பெண் ஐந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் 108 வராமலே போயிருக்கலாம் என்று அக்கா மகளிடம் சொன்னேன். "அது எவிடென்ஸ் இல்ல மாமா" என்றாள். படிக்கிற பிள்ளை, அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவளே இரண்டு ஆய்வுகளை அனுப்பி வைத்தாள்.

இரண்டும் கர்நாடகத்தில் நடந்தவை. ஒன்று, வடகர்நாடகத்தில் 2010ல் தொடங்கிய வாஜ்பாய் ஆரோக்யஸ்ரீ என்ற காப்பீட்டுத் திட்டம் பற்றியது. திட்டம் வந்த கிராமங்களையும், எல்லைக்கு அந்தப் பக்கம் திட்டம் வராத கிராமங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். 2014ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஏழைக் குடும்பங்களில், திட்டம் கவனிக்கிற நோய்களால் இறந்தவர்கள் திட்டம் இருந்த இடத்தில் 0.32 விழுக்காடு, இல்லாத இடத்தில் 0.90. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்று ஆர்.எஸ்.பி.ஒய். என்ற மத்திய அரசுத் திட்டத்தை வைத்துச் செய்தது. ஆயுஷ்மான் பாரத் வருவதற்கு முன் இருந்த திட்டம், குடும்பத்துக்கு 30,000 ரூபாய் வரை. 2015 முதல் 2018 வரை, கிட்டத்தட்ட 11,000 குடும்பங்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்து, சிலருக்கு இலவசமாக, சிலருக்குக் காசுக்கு, சிலருக்குக் கொடுக்காமல் பார்த்தார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது, கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுத்தவும் செய்தார்கள். ஆனால் உடல்நலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. கார்டைப் பயன்படுத்தப் பார்த்துவிட்டு முடியாமல் திரும்பியவர்களும் நிறைய.

ஒரே மாநிலம், இரண்டு பதில். அக்கா மகளின் பேராசிரியர்கள் இதற்கு என்ன காரணம் சொல்வார்களோ, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முதல் திட்டத்தில் தனியாக கார்டு எடுக்கிற வேலையே இல்லை, ஏழைகளுக்கான ரேஷன் கார்டு இருந்தால் போதும். அப்புறம் கிராமத்துக்கே வந்து முகாம் போட்டார்கள். இதயம், புற்றுநோய், சிறுநீரகம் என்று சந்தேகம் இருப்பவர்களை அங்கேயே பார்த்துப் பொறுக்கியெடுத்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆள் தேடி வந்து கூட்டிப்போனார்கள். இரண்டாவதில் பிளாஸ்டிக் கார்டைக் கையில் கொடுத்துவிட்டு, நீயே கண்டுபிடித்துப் போய்க்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரிலும் அதே கதைதான். கார்டைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால், கூடப் போக ஆள் இருந்தவர்கள். எங்கள் ஊரில் ஒரு பழைய வார்டு மெம்பர் இருக்கிறார். தேர்தலில் இப்போது நிற்பதில்லை. ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் எந்த கவுண்டரில் காப்பீட்டு ஆள் உட்கார்ந்திருப்பார், அப்ரூவல் வர எவ்வளவு நேரம் ஆகும், என்ன சொன்னால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் கூட வந்தால் பாதி நோய் போனது மாதிரி என்பார்கள். அவரைத் தெரியாத குடும்பம் ஒன்று, நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தாங்களாகவே போனது. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிதான். பேக்கேஜுக்குள் இது வராது, அது வராது என்று ஊசிக்கும் டெஸ்டுக்கும் தனியாகக் கட்டச் சொல்லி, கையில் இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். கார்டிலும் பணம் போயிருக்கிறது, கையிலும் போயிருக்கிறது. அந்தக் குடும்பம் இப்போது கார்டு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. புகார் கொடுங்கள் என்றேன். "மறுபடி அங்கதான போகணும் அண்ணாச்சி" என்றார் பெரியவர். ஆஸ்பத்திரிக்காரர்களைக் கேட்டால், பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை என்பார்கள். இருக்கலாம். அதை அரசோடு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், படுத்திருக்கிறவனிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

எல்லோருக்கும் காப்பீடு என்கிறோம். இந்த 'எல்லோருக்கும்' எங்கே முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திட்டத்தின் வருமான வரம்பு முன்பு ஆண்டுக்கு 72,000, இப்போது 1,20,000. மாதம் 10,000. நாளைக்கு 500 ரூபாய் கூலி வாங்குகிறவர் மாதத்தில் 24 நாள் தறி ஓட்டினாலே 12,000. மனைவி தறிக்கு நூல் தார் சுற்றினால் அது வேறு. காகிதத்தில் உள்ளதை அப்படியே பிடித்தால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு கார்டு கிடைக்காது. எப்படிக் கிடைக்கிறது என்று கேட்காதீர்கள், கிடைக்கிறது, நல்லது.

எனக்குக் கிடைக்காது. ஜி.எஸ்.டி. கட்டுகிற கடைக்காரனுக்கு எப்படிக் கிடைக்கும்? ஏழையும் இல்லை, கம்பெனி இன்சூரன்ஸ் உள்ள வேலையும் இல்லை. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாட்டில் 30 விழுக்காடு, சுமார் 40 கோடிப் பேர் என்று மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்கிற நீதி ஆயோக் 2021ல் ஓர் அறிக்கையில் சொன்னது. நான் தனியாரில் குடும்பத்துக்கு பாலிசி எடுத்து வருஷா வருஷம் கட்டுகிறேன். மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் வந்தபோது கேஷ்லெஸ், அதாவது நாங்களே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது, முடியாது, பணத்தைக் கட்டிவிட்டு பில்லை அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். கையுறை, பஞ்சு, ஊசிக்குழாய் எல்லாம் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். மருந்துக்கடைக்காரனிடமே பஞ்சுக்குக் கணக்கு! 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று ஆக்கியிருக்கிறார்கள். அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

வருமானம் கேட்காத திட்டமும் நம்மிடம் இருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது 1 லட்சம் வரை. கார்டு இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்று எதுவும் கேட்கக்கூடாது. நாலுவழிச் சாலையில் வடநாட்டு லாரி கிளீனர் அடிபட்டுக் கிடந்தாலும் அதே கவனிப்பு. 'எல்லோருக்கும்' என்றால் இப்படி இருக்க வேண்டும். ரோட்டில் அடிபட்டால் ஒருத்தரையும் கேள்வி கேட்காமல் சேர்க்கிற அரசுக்கு, ரத்தக் கொதிப்புக்கும் அப்படிச் செய்ய மனம் வராதா?

தாய்லாந்தில் செய்திருக்கிறார்கள் என்றாள் அக்கா மகள். 2001ல் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுக்க விரித்த திட்டம். எந்த நோயென்றாலும் ஒரு தடவைக்கு 30 பாட் கொடுத்தால் போதும். அதில் எனக்குப் பிடித்தது 30 பாட் இல்லை. வெளிநோயாளி வைத்தியமும் மாத்திரையும் உள்ளேயே இருப்பதுதான். வெளிநோயாளி வைத்தியத்துக்கு, தலைக்கு இவ்வளவு என்று பணத்தை மொத்தமாக அந்த வட்டாரத்து ஆஸ்பத்திரிக்கும் அதைச் சேர்ந்த சுகாதார நிலையங்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். ஆள் நன்றாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் பணம் மிச்சம், அடிக்கடி வந்தால் செலவு. இங்கே ஆள் படுத்தால்தான் ஆஸ்பத்திரிக்கு பில். இன்னொன்று, தாய்லாந்துக்காரர்கள் திட்டம் அறிவிப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே வட்டாரத்துக்கு வட்டாரம் ஆஸ்பத்திரி கட்டி, டாக்டர்களைக் கிராமத்தில் கட்டாய வேலை பார்க்க வைத்திருந்தார்கள். கட்டடமும் ஆளும் முதலில், கார்டு பிறகு. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, மருந்துக் கழகம் இருக்கிறது, வீட்டுக்கு வருகிற பெண்ணும் இருக்கிறார். இருப்பதை வைத்து நம்மால் முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த 849 ரூபாய் பிரீமியத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஸ்டென்ட் வைத்தவரின் ஓராண்டு மாத்திரையைப் பேக்கேஜிலேயே சேர்த்து, அதை அவர் ஊர் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் என்ன?

மக்கள் கைக்காசு போட்டுச் செய்கிற மருத்துவச் செலவு, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 2013-14ல் 64.2 விழுக்காடாக இருந்தது 2021-22ல் 39.4 ஆகக் குறைந்துவிட்டதாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. குறைந்திருக்கும். ஆனால் அந்த 39.4 எங்கே போகிறது என்று கேட்டால், அதில் ஒரு பங்கு தினமும் என் கல்லாவில் விழுகிறது, சில்லறையாக.

2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் என்று 1,000 கடைகள் திறந்தார்கள். குறைந்த விலையில் ஜெனரிக் மாத்திரை, அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் விற்கிற அதே மருந்து. எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரே புலம்பல். எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. பையன் கல்லூரிக் கட்டணம் இந்தக் கடையிலிருந்துதான் போக வேண்டும். ஆனால் விலையைக் குறைத்தால் பத்து நாள் மாத்திரை கேட்கிறவர் முப்பது நாளைக்கு வாங்குவார் என்பதும் எனக்குத் தெரியும். இதை சங்கத்தில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

சரி, கடைசியாகப் படிக்கிறவர்களுக்கு உபயோகமாகக் கொஞ்சம். கார்டு எடுக்காதவர்கள் நோய் வருவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தருகிற வருமானச் சான்று, இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். புதிதாக வந்த மருமகள், பிறந்த குழந்தை பெயரெல்லாம் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்கிற அன்றே கார்டைக் காட்டிவிடுங்கள், பில் போட்ட பிறகு நீட்டினால் வேலைக்கு ஆகாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது, இந்தச் சீட்டில் உள்ள மாத்திரைகளில் எதெல்லாம் எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கிடைக்கும் என்று டாக்டரிடமே கேளுங்கள். கிடைக்காதவற்றின் பெயரைக் கீழே கருத்துப் பெட்டியில் மாவட்டத்தோடு எழுதுங்கள். அக்கா மகள் அந்தப் பட்டியலைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.